அகன்ற கணக்கும் குறுகிய தாளும்

பன்னிரண்டு மாதச் செலவுக் கணக்கை ஒரே தாளில் எழுத முற்படுகிறவர்கள் தாளைக் குறுக்காகத் திருப்பி வைத்துக்கொள்வது வழக்கம். கையால் எழுதும்போது இது கணநேரத்தில் முடிகின்ற செயல். எழுதுகோல் எத்திசையிலும் செல்லும். தாளும் எத்திசையிலும் திரும்பும். ஆனால், எழுதுவது ஒரு பொறியாக இருந்து, அப்பொறி தாளின் குறுக்கே வரி வரியாக எழுத மட்டுமே கற்றதாகவும், தாளைத் திருப்பி வைக்க இடம் கொடாததாகவும் இருந்தால் என் செய்வது? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கணிப்பொறிகளை வாங்கிக் குடும்பக் கணக்கும் சிறு வணிகக் கணக்கும் எழுதப் புகுந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த விடை எளியது, ஆயினும் நுட்பமானது. அதனை இன்று நாம் ஆராய்வோம்.

முதலில் கணக்கைப் பற்றிச் சில சொற்கள். கணக்கேட்டை விரித்து வைத்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்து ஓர் அகன்ற பரப்பாகும். அப்பரப்பு முழுவதும் பத்தி பத்தியாகக் கோடிட்டு எண்களை எழுதுவது கணக்கர்களின் நெடுநாள் வழக்கம். விரிதாள் என்ற பெயரின் பிறப்பிடம் இதுவே. 1978ஆம் ஆண்டில் ஹார்வர்டு வணிகவியல் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த டான் பிரிக்லின் என்பார், இந்த விரிதாளைக் கணிப்பொறியின் திரைக்குக் கொண்டுவர எண்ணினார். ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் யாவும் தாமே மாறவேண்டும் என்பது அவருடைய கருத்து. பாப் பிராங்க்ஸ்டன் என்பவர் துணை நின்று அக்கருத்துக்கு உருவம் கொடுத்தார். 1979இல் ஆப்பிள் 2 என்னும் கணிப்பொறிக்காக வெளிவந்த விசிகால்க் அவ்வாறு பிறந்ததுதான். அதில் 63 பத்திகளும் 254 வரிகளும் இருந்தன.

பரப்பு இவ்வளவு பெரிதாயினும், அதனைக் காட்டும் சாளரம் மிகச் சிறிது. ஆப்பிள் 2இன் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துகளே அடங்கும். 1982இல் விற்பனைக்கு வந்து, உலகின் பல நாடுகளில் வீடுகள்தோறும் பரவிய கமடோர் 64 என்னும் கணிப்பொறியின் திரையும் அவ்வாறே 40 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்டது. வீட்டிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியையே அதற்குத் திரையாக இணைத்துக்கொண்டார்கள். அதற்கென வெளிவந்த மல்டிபிளான் என்ற விரிதாளிலும் 63 பத்திகள் உண்டு. ஜனவரி மாதத்தைப் பார்த்தால் டிசம்பர் தெரியாது. டிசம்பரைப் பார்க்கத் திரையை நகர்த்தினால் ஜனவரி மறைந்துவிடும். ஆண்டு முழுவதையும் ஒருசேரக் காணவேண்டுமானால் அதைத் தாளில் அச்சிடுவது ஒன்றே வழி.

தாளிலும் இடர்ப்பாடு காத்திருந்தது. அக்காலத்து வீட்டு அச்சுப்பொறிகள் ஒரு வரியில் 80 எழுத்துகளை அச்சிட்டன. அங்குலத்துக்குப் பத்து எழுத்தாக எட்டு அங்குலம் என்பது கணக்கு. நம்முடைய ஆண்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். செலவினத்தின் பெயருக்கு 20 எழுத்து. மாதம் ஒன்றுக்குப் பத்து எழுத்தாகப் பன்னிரண்டு மாதங்களுக்கு 120. ஆண்டின் கூட்டுத்தொகைக்கு 10. ஆகமொத்தம் 150 எழுத்துகள். எண்பது எழுத்துத் தாளில் இது அடங்குமா? அடங்காது. சில அச்சுப்பொறிகளில் எழுத்துகளை நெருக்கி ஒரு வரிக்கு 132 எழுத்தாக அச்சிடும் வசதி இருந்தது. அதுவும் போதவில்லை, எழுத்து சிறுத்துக் கண்ணுக்கு வருத்தம் தந்ததுதான் மிச்சம். அகன்ற தாளை ஏற்கும் பெரிய அச்சுப்பொறிகளும் இருந்தன. ஆனால் அவற்றின் விலை வீட்டாருக்கு எட்டுவதாயில்லை.

எஞ்சியது ஒட்டுவேலை. விரிதாளின் இடப்பாதியை ஒரு தாளிலும் வலப்பாதியை மற்றொரு தாளிலும் அச்சிட்டு, ஓரத்தை வெட்டி, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒட்டினார்கள். இதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். ஒரு தாள் மற்றதைவிட ஒரே ஒரு வரி மேலேறி ஒட்டப்பட்டதாக வைத்துக்கொள்வோம். இடப்பாதியில் மின்சாரம் என்று தொடங்கும் வரி, வலப்பாதியில் பள்ளிக் கட்டணத்தின் எண்களோடு சென்று முடியும். அச்சிடப்பட்ட எண்களில் ஒன்றேனும் பிழையன்று. ஆயினும் அட்டவணை பொய் சொல்லும். கணிப்பொறி தவறின்றிக் கூட்டியதைப் பசையும் கத்திரிக்கோலும் கெடுத்துவிடும். அட்டவணையில் ஓர் எண்ணுக்குப் பொருள் தருவன இரண்டு: அதன் மேலே நிற்கும் மாதத்தின் பெயர், அதன் இடப்பக்கத்தில் நிற்கும் செலவினத்தின் பெயர். இவ்விரண்டில் ஒன்றை இழந்த எண், முகவரியை இழந்த கடிதத்துக்கு ஒப்பானது. அத்தகைய தாளை நம்பிக் கடன் வாங்கலாமா, சரக்கு வாங்கலாமா என்று முடிவு செய்கிறவரின் நிலையை எண்ணிப் பார்த்தால், இது வெறும் அழகைப் பற்றிய சிக்கல் அன்று என்பது விளங்கும்.

இதற்குத் தீர்வு காண, தாளின் இயல்பைச் சற்று உற்று நோக்கவேண்டும். அக்காலத்து அச்சுப்பொறியில் இட்ட தாள் தனித்தனி ஏடாக இராது. நூற்றுக்கணக்கான ஏடுகள் ஒன்றோடொன்று இணைந்து, 11 அங்குலத்துக்கு ஒரு மடிப்பாக மடிந்து, பெட்டிக்குள் ஒரே நீண்ட தாளாக அமைந்திருக்கும். இரு விளிம்புகளிலும் உள்ள துளைகளைப் பற்சக்கரங்கள் பற்றி இழுக்கும். துளைகள் விளிம்பில் இருப்பதால் தாளைக் குறுக்காகத் திருப்பிச் செருக இயலாது. ஆனால், இந்த அமைப்பில் ஓர் உண்மை புதைந்திருக்கிறது. தறியில் நெய்யப்படும் துணிக்கு அகலம் வரையறுக்கப்பட்டது. ஊடை அந்த அகலத்தைத் தாண்டாது. பாவின் நீளத்துக்கோ அத்தகைய கட்டுப்பாடு இல்லை. இந்தத் தாளும் அவ்வாறே. அதன் அகலம் எட்டு அங்குலத்தோடு நின்றுவிடும். அதன் நீளமோ பெட்டியில் தாள் உள்ளவரை செல்லும். ஆகவே, கணக்கின் அகலத்தைத் தாளின் நீளத்தில் கிடத்திவிட்டால் சிக்கல் தீர்ந்தது. தாள் திரும்ப மறுக்கிறதா? எழுத்துகளைத் திருப்பிவிடலாம்.

எழுத்தைத் திருப்புவது எங்ஙனம்? தட்டச்சுப் பொறியில் இது நடவாது. அங்கு ஒவ்வோர் எழுத்தும் உலோகத்தில் வார்த்த வடிவம். ஆனால், வீட்டுக் கணிப்பொறிகளோடு பெரிதும் இணைக்கப்பட்டவை புள்ளி அச்சுப்பொறிகள். எப்சன் நிறுவனத்தார் வெளியிட்ட எம்எக்ஸ் 80, எஃப்எக்ஸ் 80 போன்றவற்றின் அச்சுத்தலையில் ஒன்பது நுண்ணிய ஊசிகள் செங்குத்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். தலை தாளின் குறுக்கே ஓடும்போது, வேண்டிய ஊசிகள் மை நாடாவின்மேல் மோதித் தாளில் புள்ளிகளைப் பதிக்கும். கோலத்தின் புள்ளிகளைப்போல, இப்புள்ளிகளின் கூட்டமே நம் கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றுகிறது. எஃப்எக்ஸ் 80 முதலியவற்றில், எந்த ஊசி எந்தக் கணத்தில் மோதவேண்டும் என்று கணிப்பொறியே நேராகக் கட்டளையிடும் முறையும் உண்டு. படங்கள் அச்சிடுவதற்காக ஏற்பட்ட முறை அது. அதில் எட்டு ஊசிகளே பயன்படும். ஒரு பைட்டில் எட்டு பிட்டுகளே இருப்பதால், ஊசிக்கு ஒரு பிட்டாக ஒரு பைட்டு எட்டு ஊசிகளையும் ஆளும். மேல் ஊசியின் மதிப்பு 128. அதன் கீழுள்ளது 64. அடுத்தவை 32, 16, 8, 4, 2, 1. அகலவாட்டில் ஓர் அங்குலத்துக்கு 60 புள்ளி வீதம், எட்டு அங்குலத்தில் 480 புள்ளிகள் அடங்கும்.

இனிக் கணிப்பொறியின் பக்கம் திரும்புவோம். திரையில் எழுத்துகளைக் காட்டுவதற்காகக் கமடோர் 64 ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் தன் நிலையான நினைவகத்தில் வைத்திருக்கிறது. எட்டுக்கு எட்டாக 64 கட்டங்களைக் கொண்ட சதுரம் ஓர் எழுத்து. சதுரத்தின் ஒவ்வொரு கிடைவரிக்கும் ஒரு பைட்டாக, எழுத்துக்கு எட்டு பைட்டுகள். 512 வடிவங்களுக்கு 4096 பைட்டுகள். எடுத்துக்காட்டாக, ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தாகிய ஏ என்பதன் வடிவம் 24, 60, 102, 126, 102, 102, 102, 0 என்ற எட்டு எண்களாகும். முதலெண்ணாகிய 24 என்பது 16உம் 8உம் சேர்ந்தது. அதாவது, சதுரத்தின் முதல் வரியில் நடுவிலுள்ள இரு கட்டங்கள் மட்டும் ஒளிரும். அது அந்த எழுத்தின் கூர்முனை. 126 என்பது அதன் குறுக்குக்கோடு.

இவ்வெழுத்தை வழக்கம்போல நிமிர்ந்த நிலையில் புள்ளிப்புள்ளியாக அச்சிட வேண்டுமானால் ஒரு தொல்லை உண்டு. நினைவகம் வடிவத்தைக் கிடைவரிகளாகச் சேமித்திருக்கிறது. அச்சுத்தலையோ செங்குத்தான பத்திகளாகக் கேட்கிறது. ஆகவே, எட்டு பைட்டுகளிலிருந்தும் ஒவ்வொரு பிட்டைப் பொறுக்கிச் சேர்த்துப் புதிய எட்டு எண்களை உண்டாக்க வேண்டும். அவ்வாறு செய்தால் 0, 62, 126, 208, 208, 126, 62, 0 என்ற எண்கள் கிடைக்கும். ஓர் எழுத்துக்கு 64 முறை பார்த்துச் சேர்க்கும் வேலை இது.

எழுத்தை வலப்புறமாகக் கால்வட்டம் திருப்பிப் படுக்க வைத்தால் என்ன ஆகிறது? கிடைவரி செங்குத்தாகிறது. வரியின் இடமுனை மேலே செல்கிறது. எழுத்தின் தலை வலப்பக்கம் சாய்கிறது. நினைவகத்தில் ஒரு கிடைவரியின் இடமுனைக் கட்டத்துக்கு மதிப்பு 128. அச்சுத்தலையில் மேல் ஊசிக்கும் மதிப்பு 128. ஆகவே, நினைவகத்திலுள்ள பைட்டை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே அச்சுத்தலைக்கு அனுப்பலாம். செய்யவேண்டியது ஒன்றே: எட்டு பைட்டுகளையும் கடைசியிலிருந்து முதலுக்காக அனுப்பவேண்டும். 0, 102, 102, 102, 126, 102, 60, 24 என்று அனுப்பினால் படுத்திருக்கும் ஏ தாளில் உருவாகிறது. நிமிர்ந்த எழுத்துக்கு 64 முறை பிட்டு பொறுக்கிய இடத்தில், படுத்த எழுத்துக்கு எட்டு எண்களைத் தலைகீழாக எடுத்துக் கொடுப்பதே போதுமானதாகிறது. கடினம் என்று நாம் அஞ்சிய திசையே எளிய திசையாக அமைந்துவிட்டது.

எழுத்து திரும்பிவிட்டது, இனி அட்டவணை முழுவதும் திரும்பவேண்டும். விரிதாள்கள் பலவற்றில், அச்சுக்குச் செல்லவேண்டியதை அச்சுப்பொறிக்கு அனுப்பாமல் வட்டில் ஒரு கோப்பாக எழுதிவைக்கும் வசதி உண்டு. அப்போது தாளின் அகலம் 150 எழுத்து என்று முன்னரே குறித்துவிட வேண்டும். இல்லையேல் கோப்பிலும் வரிகள் எண்பதாவது எழுத்தில் முறிந்துவிடும். பின்னர், பேசிக் மொழியில் எழுதிய ஒரு சிறு ஆணைத்தொடர் அக்கோப்பை நினைவகத்தில் ஏற்றும். 40 வரிகளும் 150 எழுத்துகளும் கொண்ட அட்டவணை 6,000 எழுத்துகளே. கமடோர் 64ஐ இயக்கியவுடன் பேசிக் மொழிக்கென 38,911 பைட்டுகள் காலியாக உள்ளன என்று திரையில் தோன்றும். எனவே இடத்துக்குக் குறைவில்லை. குட்டையான வரிகளின் இறுதியில் வெற்றிடங்களைச் சேர்த்து எல்லா வரிகளையும் சம நீளமாக்கிக்கொள்ள வேண்டும். எழுத்துக்கான எண்ணையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஏ என்பது கோப்பில் 65ஆம் எண்ணுடையது, வடிவங்களின் பட்டியலிலோ 1ஆம் எண்ணுடையது. இலக்கங்களுக்கு இரண்டிடத்திலும் ஒரே எண்.

அச்சிடும் முறை இனி விளங்கும். அச்சுத்தலையின் முதல் ஓட்டத்தில், ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அச்சாகும். தாளின் இட ஓரத்தில் அட்டவணையின் கடைசி வரி. வல ஓரத்தில் முதல் வரி. ஆதலால், நாற்பதாம் வரியின் முதல் எழுத்தில் தொடங்கி, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று இறங்கி, முதல் வரியின் முதல் எழுத்தில் முடிக்கவேண்டும். இரண்டாம் ஓட்டத்தில் இரண்டாம் எழுத்துகள். இவ்வாறு 150 ஓட்டங்கள். தாள் வெளியே வரவரச் செலவினங்களின் பெயர்கள் முதலில் தோன்றும், பிறகு ஜனவரி, பிப்ரவரி என்று மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும், இறுதியில் கூட்டுத்தொகை. தாளைக் கிழித்தெடுத்து இடப்பக்கமாகக் கால்வட்டம் திருப்பினால், முழு ஆண்டும் ஓலைச்சுவடியின் ஏடுபோல நெடுக நம்முன் கிடக்கும்.

அளவுகளையும் கணக்கிட்டுப் பார்ப்போம். தாளின் அகலத்தில் 480 புள்ளிகள். வரி ஒன்றுக்கு எழுத்துக்கு எட்டும் இடைவெளிக்கு நான்குமாகப் பன்னிரண்டு புள்ளிகள் கொடுத்தால் 40 வரிகள் சரியாக அடங்கும். இடைவெளியே இல்லாமல் நெருக்கினால் 60 வரிகள் வரை செல்லும். ஊசிகள் அங்குலத்துக்கு 72 என்ற கணக்கில் நிற்கின்றன. எனவே எட்டு ஊசி உயரமுள்ள ஓட்டங்கள் அங்குலத்துக்கு ஒன்பது. நம் 150 எழுத்துகளுக்கு வேண்டிய நீளம் ஏறக்குறைய 17 அங்குலம். அதாவது ஒன்றரை ஏடு. 300 எழுத்து அகலமான கணக்கானாலும் மூன்று, நான்கு ஏடுகளில் முடிந்துவிடும். இதற்கு ஒரு விலையும் உண்டு. வழக்கமான முறையில் 6,000 எழுத்துகளுக்கு ஏறத்தாழ 6,000 பைட்டுகளை அனுப்பினால் போதும். படுத்த அச்சிலோ 150 ஓட்டங்களுக்கும் 480 வீதம் 72,000 பைட்டுகள் செல்லவேண்டும், பன்னிரண்டு மடங்கு. பேசிக் மொழியின் மெதுவான நடையும் சேர்ந்துகொள்ள, அச்சுப்பொறி நெடுநேரம் இரைந்துகொண்டிருக்கும். பொறுமை வேண்டும், ஆனால் கத்திரிக்கோல் வேண்டாம்.

இம்முறையைக் கையாளுகிறவர்கள் கருத்தில் கொள்ளவேண்டியவை சில. ஓர் ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே தாள் 72இல் 8 பங்கு அங்குலமே நகரவேண்டும். வழக்கமான நகர்ச்சி 72இல் 12 பங்கு. அதை மாற்றாவிட்டால் எழுத்துகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். மடிப்பு வரும் இடத்தில் தாளைத் தாண்டிச் செல்லும் வசதி அச்சுப்பொறியில் இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் கணக்கின் நடுவே வெள்ளைப் பட்டை விழும். கமடோர் 64ஐ எப்சன் அச்சுப்பொறியோடு சேர்க்க இடையில் ஓர் இணைப்புக் கருவி தேவை. அக்கருவி எழுத்துகளின் எண்களைத் தானாக மாற்றும் இயல்புடையதாயின், அம்மாற்றத்தை நிறுத்தி, அனுப்பியதை அனுப்பியபடியே செலுத்துமாறு அமைக்கவேண்டும். கமடோர் நிறுவனத்தாரின் சொந்த அச்சுப்பொறியாகிய எம்பிஎஸ் 801 போன்றவற்றில் ஊசி மதிப்புகளின் வரிசை நேர்மாறானது. மேற்புள்ளிக்கு மதிப்பு 1. அவற்றுக்கு இங்குக் கூறிய எளிய வழி பொருந்தாது; பிட்டுகளையும் தலைகீழாக்க வேண்டும். இத்தகைய பிழையைக் கண்டறிய ஏ என்ற எழுத்து உதவாது. அது இருபுறமும் ஒத்திருப்பதால் கண்ணாடியில் கண்டாலும் மாறாது. எஃப் என்ற எழுத்தை முதலில் அச்சிட்டுப் பார்ப்பதே தக்கது.

இந்தக் கருத்து வீட்டுக் கணிப்பொறிகளோடு நின்றுவிடவில்லை. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாளில் 256 பத்திகள் இருந்தன. அலுவலகங்களிலும் அதே சிக்கல் பெரிய அளவில் எழுந்தது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஃபங்க் சாப்ட்வேர் நிறுவனத்தார் சைட்வேஸ் என்ற ஆணைத்தொடரை இதற்கென்றே விற்றுப் புகழ் பெற்றார்கள். பக்கவாட்டில் என்பது அப்பெயரின் பொருள். பின்னர், பக்கம் முழுவதையும் ஒரே முறையில் அச்சிடும் லேசர் அச்சுப்பொறிகள் வந்தன. 1984இல் எச்பி நிறுவனத்தார் வெளியிட்ட லேசர்ஜெட் பொறியில் படுத்த நிலைக்கான எழுத்துகள் உள்ளேயே அமைந்திருந்தன. இன்று கிடைமட்டம் என்ற ஒரு குறியைத் தொட்டால் கணிப்பொறியே யாவற்றையும் திருப்பிக்கொள்கிறது. ஆயினும், ஒன்றை மறத்தலாகாது. இன்றைய பொறிகள் பெரும்பாலும் தனி ஏட்டில் அச்சிடுவன. திருப்பிய ஏட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை மீறிய கணக்கு இன்றும் இரண்டாகப் பிரிகிறது. அல்லது படிக்க முடியாதபடி சுருங்குகிறது. அப்போது, ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்புகளை மீண்டும் அச்சிடுமாறு கட்டளையிடுவது நம் கடமை.

பொறி எதுவாயினும், அச்சிட்ட கணக்கைக் கையில் வாங்கியவுடன் ஒன்றைச் சோதித்தல் நலம். கூட்டுத்தொகையின்மேல் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாக விரலை எடுக்காமல் செலவினத்தின் பெயர்வரை நகர்த்திப் பார்க்கவேண்டும். இடையில் ஒட்டும் வெட்டும் இன்றி விரல் சென்று சேருமானால் அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யலாம். விரல் வழியில் தடுமாறுமானால், கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அத்தாளை மறுமுறை அச்சிடுவதே அறிவுடைமை.